மூன்றேகால் மணிக்கு மஃரிப்





நம் சமுதாயத்துக்குச் சபர் புதிதன்று. நம் பாட்டனார்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். நம் தந்தையரும் கணவன்மாரும் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் விமானமேறினார்கள். அந்நாளில் இல்லறத்தின் துன்பம் பிரிவாக இருந்தது. கணவன் அங்கே, மனைவி இங்கே. இடையில் கடிதமும் கண்ணீரும். அந்தத் துன்பத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை பேசியிருக்கிறோம்.

இன்று காலம் மாறிவிட்டது. படித்த நம் பிள்ளைகள் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு செல்கிறார்கள். "சேர்ந்துதானே இருக்கிறார்கள், இனி என்ன கவலை?" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சேர்ந்திருப்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு என்பதை என் அக்காள் மகளின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். அதை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். இதில் என் தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவள். கடலையும் வெயிலையும் தவிர வேறு பருவம் அறியாதவள். கணினித் துறையில் பணியாற்றும் மாப்பிள்ளைக்கு ஃபின்லாந்து நாட்டில் வேலை. 2022 ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் அவளும் அங்கே போய்ச் சேர்ந்தாள். தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ என்னும் நகரில், அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றில், நான்காவது மாடியில் வீடு.

முதல் மூன்று வாரமும் எங்களுக்கு வந்தவை மகிழ்ச்சியான செய்திகளே. பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும் படங்களை அனுப்பினாள். வெளியே குளிர்ந்தாலும் வீட்டுக்குள் இருபத்தொரு டிகிரி வெப்பம் இரவும் பகலும் மாறாமல் இருக்கிறது என்றாள். அந்நாட்டு மக்களும் நம்மைப் போலவே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பது அவளுக்கு வியப்பு. கழிவறையில் சுத்தம் செய்துகொள்ளக் கைத்தெளிப்பான் குழாய் இருப்பது அங்கே சாதாரண வழக்கம் என்று கேட்டதும், என் அக்காள் "அல்ஹம்து லில்லாஹ், இனி எனக்குக் கவலையில்லை!" என்று பெருமூச்சு விட்டார். மகள் ஐரோப்பாவுக்குப் போகிறாள் என்றதிலிருந்து அவருடைய பெருங்கவலை அதுவாகத்தான் இருந்தது!

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். அதன் பிறகு வந்தது நவம்பர்.

சகோதரிகளே! குளிர் நாடு என்றதும் நாம் வெண்பனியைத்தான் நினைக்கிறோம். தென் ஃபின்லாந்தின் நவம்பரில் பெரும்பாலும் பனி தங்குவதில்லை. மழையும் சேறும் இருளுமாக இருக்கும். பனி விழுந்துவிட்டாலாவது அதன் வெண்மை விளக்கொளியை வாங்கித் திருப்பித் தரும், ஊர் சற்று வெளுக்கும். பனியில்லாத நவம்பர்தான் கொடியது. நாட்டின் வடமுனையிலுள்ள உட்ஸ்யோக்கி வட்டாரத்தில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் உதிக்கிறது. ஏறத்தாழ ஐம்பது நாள் இரவு! ஹெல்சிங்கி அந்த அளவுக்கு வடக்கில் இல்லை. ஆயினும் டிசம்பர் 21 ஐ ஒட்டிய நாட்களில் அங்கே சூரிய உதயம் காலை 9.24, அஸ்தமனம் பிற்பகல் 3.13. ஆறு மணி நேரம்கூட இல்லாத பகல். அந்தப் பகலிலும் உச்சியில் நிற்கும் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்தைச் சற்றே தாண்டுகிறது. மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கணக்கை நம் தொழுகையோடு பொருத்திப் பாருங்கள். ஸுப்ஹு காலை ஏழு மணியை ஒட்டி. சூரிய உதயம் ஒன்பதரைக்குச் சற்று முன் என்பதால் எவ்வளவு தூங்குமூஞ்சியும் ஸுப்ஹைத் தவறவிட வழியில்லை! ளுஹர் பன்னிரண்டு இருபதுக்கு. நண்பகலிலேயே நிழல் மிக நீண்டு கிடப்பதால், ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஷாஃபிஈ கணக்குப்படி அஸர் வந்துவிடுகிறது. மூன்றேகால் மணிக்கு மஃரிப். ஆறு மணியை ஒட்டி இஷா. ளுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று வக்துகளும் மூன்று மணி நேரத்துக்குள் அடுக்கி நிற்கின்றன. அந்த மூன்று மணி நேரமும் அலுவலக நேரம்.

இங்கேதான் அந்த இளந்தம்பதியின் வாழ்வில் முதல் விரிசல் விழுந்தது.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் கூச்சம் மிகுந்தவர். புதிய வேலை, பரீட்சார்த்தக் காலம் இன்னும் முடியவில்லை. அந்தக் காலத்துக்குள் வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம் என்பது ஒப்பந்தம். இந்நிலையில் "எனக்குத் தொழ இடம் வேண்டும்" என்று மேலாளரிடம் கேட்க அவருக்கு நா எழவில்லை. மூன்று வக்தும் களாவாகின. இரவில் வீட்டுக்கு வந்து, மனைவி சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, அவற்றை மொத்தமாக நிறைவேற்றினார். அந்தக் குற்றவுணர்வை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. வெளியே சொல்லாத குற்றவுணர்வு கடுகடுப்பாக மாறும் என்பது நாம் அறிந்ததுதானே!

அவளும் ஒன்றை மறைத்தாள். கணவர் எட்டு மணிக்கு இருட்டில் புறப்படுவார். அவர் சென்றதும் அவள் மீண்டும் படுத்துவிடுவாள். விழிக்கும்போது பன்னிரண்டாகியிருக்கும். ளுஹர், அஸர், மஃரிப் என்று வரிசையாகத் தொழுது முடிப்பதற்குள் பொழுது இருட்டிவிடும். பிறகு ஜன்னலோரம். கணவர் ஐந்தரை மணிக்கு வீடு திரும்பும்போது அவள் விளக்குகளைப் போட்டு, முகம் கழுவி, அன்று முழுவதும் சுறுசுறுப்பாக இருந்தவள் போல நிற்பாள். ஊரிலிருந்தால் அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை கேட்கும், மீன்காரர் குரல் கேட்கும், பாங்கோசை கேட்கும். அங்கே மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல் வழியே எந்தச் சத்தமும் நுழைவதில்லை. மாடித் தூக்கியில் எதிர்ப்படும் மனிதர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது அவமதிப்பன்று. பிறரைத் தொந்தரவு செய்யாதிருப்பதே மரியாதை என்பது அவர்கள் பழக்கம். ஆனால் தெருவில் போகும் யாரையும் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அந்த மௌனம் கதவைச் சாத்தியது போல இருந்தது.

சின்னஞ்சிறு காரியங்களும் பகையாகின. தோசை மாவு புளிக்கவில்லை. தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்தது. வறண்ட காற்றில் கைவிரல்கள் வெடித்தன. கடையில் வாங்கிய மிட்டாயில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் குப்பையில் போட்டாள். ஒருநாள் மாவுப் பாத்திரத்தின் முன் அமர்ந்து அரைமணி நேரம் அழுதாளாம். மாவுக்காகவா அழுதாள்?

டிசம்பர் நடுவில் அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சாச்சி, எனக்கு இங்கே இருக்க முடியவில்லை" என்றாள்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மகளே, பொறுமை செய். உன் பாட்டி பாட்டனாரைப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டு இருந்தார்கள். நீ கணவனோடு இருக்கிறாய். வீடு இருக்கிறது, உணவு இருக்கிறது. நன்றி கெட்டவளாகிவிடாதே" என்று பெரிய உபதேசமே செய்தேன். இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கு உபதேசம் எளிதாக வருகிறது. அவள் "சரி சாச்சி" என்று வைத்துவிட்டாள். பிறகு பத்து நாள் அழைக்கவேயில்லை.

பத்தாம் நாள் நானே அழைத்தேன். அவள் குரல் தட்டையாக இருந்தது. "எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் எல்லாம் வரிசையாக விளக்கு ஏற்றியிருக்கிறார்கள் சாச்சி. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக நான் அவர்களைத் தவிர யாருடனும் பேசவில்லை" என்றாள். சற்று நிறுத்தி, "அவர்களுடனும் பேசவில்லை" என்றாள். அவள் 'அவர்கள்' என்றது தன் கணவரை.

எனக்கு நெஞ்சு பதறியது. அக்காளிடம் சொன்னதும், "பிள்ளையை முதலில் கூப்பிட்டுக்கொள்ளலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று பயணச் சீட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். அப்படி வந்துவிட்ட பெண்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். 'பிறகு' என்பது மாதங்களாகி, மாதங்கள் ஆண்டாகி, இறுதியில் ஜமாஅத் பெரியவர்கள் முன் பாயில் வந்து அமரும்.

நான் மாப்பிள்ளையை அழைத்தேன். அவர் குரலும் கம்மியது. "மாமி, நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பகல் வெளிச்சத்தில் கடைசியாகப் பார்த்தது எப்போது?"

மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. "நவம்பரில் ஒரு சனிக்கிழமை என்று நினைக்கிறேன், மாமி" என்றார்.

அதற்குள் எனக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவரிடம் நான் விசாரித்திருந்தேன். அவர் என்னைக் கடிந்துகொண்டார். "இது பொறுமையின்மையோ நன்றி கேடோ இல்லை. வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வு என்று ஒன்று இருக்கிறது. 1984 இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அதற்குப் பெயரிட்டு விளக்கியிருக்கிறார்கள். கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் நம் உடலின் கடிகாரத்தைச் சரி செய்கிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கம் மிகும், உற்சாகம் குன்றும், மனம் இருளும். கால் முறிந்தவளுக்குப் பொறுமை செய் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டுப் போடாமல் விடுவீர்களா?" என்று கேட்டார். நான் வெட்கித் தலைகுனிந்தேன். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத்து அல்லவா நாம்!

மாப்பிள்ளை மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியை அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த தாதி இருவரையும் அமரவைத்து, நிதானமாகக் கேள்விகள் கேட்டாராம். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், எதில் மகிழ்ச்சி வருகிறது, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா என்றெல்லாம். கடைசிக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தன் கால்கள் நடுங்கியதாக மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார்.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. நம் தோலில் வெயில் படும்போது ஊறும் சத்து அது. அந்நாட்டில் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தாழ்ந்தே நிற்பதால் எவருடைய தோலிலும் அது போதிய அளவு ஊறாது. நம்மைப் போன்ற கருநிறத்தவர்க்குக் கோடையிலும் கூடுதல் நேரம் தேவை. உடலை மூடி உடுத்தும் பெண்களுக்கு இன்னும் குறையும். அந்நாட்டுக்காரர்களே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். 2003 முதல் பாலிலும் அச்சத்தைச் சேர்த்து விற்கிறார்கள். மருத்துவர் அவளுக்கு உரிய அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் அரைமணி நேரம் அமரச் சொன்னார். நம் வீட்டு விளக்குகளின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடியிருந்தாலும் நண்பகலில் தினமும் வெளியே நடக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து மீண்டும் வரவேண்டும், தேறாவிட்டால் மற்ற சிகிச்சை உண்டு, அஞ்ச வேண்டாம் என்றார்.

அன்றிரவு கணவனும் மனைவியும் விடியும்வரை பேசினார்களாம். அங்கே விடிவதென்றால் ஒன்பதரை மணி! அவள் பகலெல்லாம் தூங்கியதைச் சொன்னாள். அவர் தொழுகை களாவானதைச் சொன்னார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வரவில்லை. பாரம் இறங்கியது. அவர் வரும் திங்களன்றே மேலாளரிடம் கேட்டார். மேலாளர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "ஓய்வறை ஒன்று இருக்கிறதே, உங்கள் நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். இரண்டு மாதம் அஞ்சி நடுங்கிய விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அலுவலகத்தில் கால் கழுவும் சங்கடத்துக்கும் நம் மார்க்கத்தில் தீர்வு இருக்கிறதல்லவா? முழுமையாக ஒளூச் செய்து தோலுறை அணிந்துகொண்டால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் அதன்மேல் மஸஹ் செய்யலாம். பயணி மூன்று நாள் செய்யலாம். நம் ஊரில் பாடமாக ஓதி மறந்துபோன சட்டம், அங்கே அன்றாடத் தேவையாகிவிட்டது. உறையின் நிபந்தனைகளை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அவளுக்கு நண்பகல் நடை கட்டாயமாயிற்று. அதற்கு உடை சரியாக இருக்க வேண்டும். நம்மவர்கள் செய்யும் தவறு, கனத்த மேலங்கி ஒன்றை வாங்கி, உள்ளே பருத்தி உடுத்துவது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகி உடலைச் சில்லிட வைக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் வெப்பம் காக்கும் தடித்த உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத அங்கி என்று மூன்றடுக்கு வேண்டும். காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கவேண்டும்; இறுக்கமான காலணியில் கம்பளிக் காலுறை இருந்தும் விரல் விறைக்கும். தரையில் புரளும் அங்கி பனியில் நனைந்து கனக்கும் என்பதால் ஓரத்தைக் கணுக்காலளவு தைத்துக்கொண்டாள். தலையில் கம்பளி முக்காடு. "சாச்சி, குளிர்காலத்தில் இங்கே எல்லாப் பெண்களும் தலையையும் காதையும் மூடிக்கொண்டுதான் போகிறார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை!" என்று சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒருநாள் வாசற்படியருகே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். மாடித் தூக்கியில் தரையைப் பார்த்து நிற்கும் முதிய பெண்மணி ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் கதவு தட்டப்பட்டது. அந்த மூதாட்டி, காலணியின் அடியில் மாட்டும் முள் பட்டை ஒரு சோடியும், ஆடையில் தொங்கவிடும் ஒளி பிரதிபலிக்கும் வில்லை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். இருட்டில் நடப்பவர் அந்த வில்லையை அணிய வேண்டும். வண்டியோட்டிக்கு ஆள் தெரிய வேண்டுமே! குனிந்து தம் கையாலேயே முள்பட்டையை மாட்டிக் காட்டிவிட்டு, பேசாமல் போய்விட்டார். என் அக்காள் அனுப்பிய கீழக்கரைத் தொதலை ஒரு தட்டில் வைத்து இவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது ஒரே சொல்: "ஹ்யுவா." நன்று என்று பொருள். அவள் கற்ற நான்காவது ஃபின்னியச் சொல் அது. முதல் மூன்றும் பன்றியிறைச்சி, ஜெலட்டின், பால் என்பவற்றுக்கான சொற்கள். கடையில் பொட்டலத்தைப் படிக்கத் தேவைப்பட்டவை.

வேலை தேடுவோராகப் பதிவு செய்துகொண்ட குடியேறிகளுக்கு அங்கே பொதுச் செலவில் மொழி வகுப்பு உண்டு. அதில் சேர்ந்தாள். சோமாலியா, ஈராக், வங்காளதேசம் என்று பல நாட்டுப் பெண்கள் தோழியரானார்கள். தோசை மாவை வேகவைக்கும் அடுப்பினுள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தால் புளிக்கும் என்று சொல்லிக் கொடுத்தது வங்காளதேசத்துத் தோழி. டிசம்பர், ஜனவரியில் பகல் குறுகியது என்பதால் கடன்பட்ட நோன்புகளை எளிதாக நிறைவேற்றலாம் என்று சொன்னது சோமாலியத் தோழி.

வகுப்பில்தான் இன்னொரு செய்தியும் தெரிந்தது. அந்நாட்டில் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் அல்லர்! 1870களிலிருந்தே ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கொரோத் பகுதிக் கிராமங்களைச் சேர்ந்த தாத்தார் முஸ்லிம்கள், துணியும் மென்மயிர்த் தோலும் விற்கும் வணிகர்களாக ஃபின்லாந்துக்கு வந்து குடியேறினார்கள். 1925 இல் அவர்களுடைய ஜமாஅத் அரசின் அங்கீகாரத்தோடு நிறுவப்பட்டது. 1940களில் யார்வென்பா என்னும் ஊரில் மினாராவுடன் சிறிய மரப் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார்கள். சரக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு கொண்டுவிற்ற நம் பாட்டனார்களைப் போன்றவர்களே அவர்களும். நூறு குளிர்காலங்களுக்கும் மேலாக அங்கே மூன்றேகால் மணிக்கு மஃரிப் தொழுதிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தம் மொழியையும் மார்க்கத்தையும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு இப்னு ஃபழ்லான் நினைவுக்கு வந்தார். 921 இல் கலீஃபா முக்ததிரின் தூதுக் குழுவில் பக்தாதிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் மன்னரிடம் சென்றவர். வழியில் கண்ட கடுங்குளிரையும், அடுக்கடுக்காக உடுத்தியதால் ஒட்டகத்தின்மேல் அசையவும் முடியாமல் போனதையும், வடக்கில் இரவு மிகக் குறுகித் தொழுகை நேரங்கள் நெருங்கி நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் இந்த வியப்பைப் பட்டிருக்கிறார். தனக்கு மட்டும் வந்த சோதனை என்று எண்ணும்போது பாரம் இரட்டிப்பாகிறது. முன்னோர் நடந்த பாதை என்று தெரியும்போது கால்களுக்கு வலு வருகிறது.

2023 மார்ச் 23 அன்று ரமளான் பிறந்தது. சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் நாளை ஒட்டிய காலம் அது. அப்போது உலகெங்கும் இரவும் பகலும் ஏறக்குறையச் சமம். ஹெல்சிங்கியின் பகலும் கீழக்கரையின் பகலும் ஒன்றுபோல! ஐந்தரை மாதங்களாக வேறு வேறு சூரியனின் கீழ் வாழ்ந்தது போன்ற தாயும் மகளும், அந்த வாரம் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள நோன்பை நோற்றார்கள். முதல் வெள்ளியன்று அவள் நோன்புக் கஞ்சி காய்ச்சி, வகுப்புத் தோழியரை அழைத்தாள். எதிர்வீட்டு மூதாட்டியும் வந்து, ஒரு கோப்பை கஞ்சி குடித்து, ஒற்றைச் சொல்லால் ஆசி கூறிச் சென்றார். பிறகு நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேலாகப் பகல் வளர்ந்துகொண்டே போயிற்று.

அடுத்த குளிர்காலத்துக்கு அவள் ஆகஸ்டிலேயே தயாரானாள். விளக்கு, மாத்திரை, நண்பகல் நடை, சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வெளியே செல்வது என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டாள். இப்போது அவள் கையில் ஒரு பெண் குழந்தை. தள்ளுவண்டியில் குழந்தையைக் கம்பளியால் பொதிந்து, உறைகுளிரில் மாடத்தில் தூங்க வைத்திருப்பதைத் தொலைபேசித் திரையில் பார்த்து என் அக்காள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "இங்கே எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் தூங்குகின்றன உம்மா. தாதியே சொல்லிக் கொடுத்தார்" என்கிறாள் மகள் நிதானமாக!

சகோதரிகளே, சகோதரர்களே! இந்த அனுபவத்திலிருந்து மூன்று பேருக்கு மூன்று சொற்கள்.

குளிர் நாட்டுக்குப் புறப்படும் மணமகளுக்கு: உன் மனம் இருண்டால் அதை ஈமானின் குறைவு என்று எண்ணி ஒளிக்காதே. மருத்துவரிடம் சொல். வந்த முதல் மாதமே மொழி வகுப்பில் சேர்ந்துவிடு. பகல் வெளிச்சம் இருக்கும் சில மணி நேரத்தைச் சமையலறைக்குக் கொடுத்துவிடாதே.

அழைத்துச் செல்லும் கணவனுக்கு: உனக்கு அலுவலகம் இருக்கிறது, சக ஊழியர் இருக்கிறார்கள், பேச்சு இருக்கிறது. அவளுக்கு நீ மட்டும்தான் ஊர், உறவு, தெரு எல்லாம். குறை வைக்காமல் இருப்பது வேறு, உடனிருப்பது வேறு. உன் அச்சத்தையும் அவளிடம் சொல். மறைத்த கவலை வீட்டில் இரண்டாவது குளிராகிவிடும்.

ஊரிலிருக்கும் தாய்மாருக்கும் என்னைப் போன்ற சாச்சிமாருக்கும்: பிள்ளை அழும்போது உடனே பயணச் சீட்டும் எடுக்க வேண்டாம், உடனே உபதேசமும் செய்ய வேண்டாம். முதலில் கேளுங்கள். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கும் நாம், "இன்று யாரோடு பேசினாய்? வெளியே போனாயா?" என்றும் கேட்போம். பொறுமை என்பது சும்மா உட்கார்ந்திருப்பதன்று. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே அல்லாஹ்வின் உதவியை எதிர்பார்த்திருப்பது.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்னும் உவமையை நிக்காஹ் பயான்களில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வெயில் நாட்டில் வாழும் நாம் அதை மானம் காக்கும் துணி என்று மட்டுமே விளங்கிவந்தோம். ஆடை இல்லாவிட்டால் உயிரே போய்விடும் நாடு ஒன்றும் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

தூர தேசங்களில் வாழும் நம் பிள்ளைகள் அனைவரின் இல்லங்களையும் வல்ல அல்லாஹ் ஒளியாலும் அன்பாலும் நிரப்புவானாக, ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.